கூதல்மேட்டில் இறங்கிய மாப்பிள்ளை

மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்த விண்மீன் கூதல்மேட்டுக்கு இறங்கி வந்து, பஸ் ஓட்டின வெள்ளத்துரையின் நெஞ்சின்மேல் குடியிருந்த அந்த ஐப்பசி கார்த்திகையில், ஊரில் ஒருத்தர்கூட அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கிற ஊராக இருந்திருந்தால் அது அங்கே வந்தேயிருக்காது.

கூதல்மேடு வருஷம் பூராவும் மஞ்சு மூடிக் கிடக்கிற மலையூர். துவைத்துக் கொடியில் போட்ட வேட்டி காய்வதற்குள் அதைக் கட்ட வேண்டிய கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்துவிடும், உப்பு ஜாடிக்குள்ளேயே அழுது கரையும், தீப்பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் கட்டிக்கொண்டுதான் பெண்கள் அடுப்படிக்குப் போவார்கள். நட்சத்திரம் என்கிற சமாசாரத்தைப் பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டித்தான் நம்பவைக்க வேண்டியிருந்தது. அப்பேர்ப்பட்ட ஊரில் நட்சத்திரம் பார்க்கிற ஆபீசைக் கொண்டுவந்து வைத்தவனுக்குக் கிறுக்கா என்றால், இல்லை. தொலைநோக்கி மலையில் இருக்கவில்லை. நிலாவுக்கும் அப்பால், வெயில் படாமல் பெரிய குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தன் சூடே தனக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாதென்று உறைந்துபோய், வெளிச்சத்தை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் பார்க்கிற கண்ணாக அது அந்தரத்தில் நின்றது. அது அனுப்புகிறதை வாங்கிப் பிரிக்கிற இயந்திரங்கள் ஓயாமல் கொதித்தன. அவற்றுக்கு ஒரு குளிர்ந்த ஊர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆவுடைத்தங்கத்துக்கு அந்த ஆபீசில் ஒரே வேலை. அந்தரத்தில் நிற்கிற கண்ணுக்கும் வயசாகும், புரை விழும், ஒரு நாள் கூட்டிச் சொல்லும், ஒரு நாள் குறைத்துச் சொல்லும். அதனால் தினம் காலையில் முதல் காரியமாக, எப்போதும் மாறாதது என்று உலகமே ஒப்புக்கொண்ட பிரகாசமான விண்மீன் ஒன்றை அதைப் பார்க்கச் சொல்லி, அதன் சூடு இன்றைக்கு எவ்வளவு தெரிகிறதோ அதை வைத்து மற்ற வானம் முழுவதையும் அளந்துகொள்ள வேண்டும். அந்த விண்மீனுக்கு நீளமாக ஓர் எண் இருந்தது. ஆபீசில் யாரும் அதைச் சொல்வதில்லை. மாப்பிள்ளை என்பார்கள். ஏனென்றால் அவர்மேல் குற்றம் சொல்ல வழியே கிடையாது. இன்றைக்கு அவர் சூடு குறைந்து தெரிந்தால் மாப்பிள்ளை குறைந்துவிட்டார் என்று பேசக் கூடாது. குறை நம் வீட்டில், நம் கருவியில், நம் கண்ணில் என்று தலையைக் குனிந்துகொண்டு திருத்த வேண்டும். கூடித் தெரிந்தாலும் அப்படித்தான். அவரை உற்றுப் பார்க்கவும் கூடாது, பிரகாசத்தில் கருவியின் கண் பூத்துப்போகும். ஓரமாக, இமை தட்டுகிற நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இந்த ஆபீஸ் மட்டுமல்ல, மேலே திரிகிற எல்லா நாட்டுத் தொலைநோக்கியும் வேலை தொடங்குமுன் அவர் முகத்தில்தான் விழித்தன. வானத்தில் அவரைப்போல் கண் பட்ட பொருள் வேறு இல்லை.

ஆவுடைத்தங்கம் அவரைப் பல வருஷமாகப் பார்த்துவந்தாள். வீட்டில் இருந்த ஒருவரைத்தான் அவள் பார்ப்பதில்லை.

அவள் புருஷன் வெள்ளத்துரை, அடிவாரத்துக்கும் மேட்டுக்கும் போய்வந்த ஒரே பஸ்ஸை ஓட்டினவன். மஞ்சு அடர்ந்த ஒரு மத்தியானம், வளைவு இருக்கிறதென்று அவன் நினைத்த இடத்தில் வளைவு இல்லை. பஸ்ஸோடு பள்ளத்தில் போனவர்களில் அடுத்த வீட்டுச் செல்லக்கிளியின் புருஷனும் ஒருவன். செல்லக்கிளி அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. வெள்ளத்துரை ஒரு கீறல் இல்லாமல் மேலே வந்தான். வந்தவன் உடம்பு மட்டும் பள்ளத்துத் தண்ணீர் மாதிரி ஜில்லிட்டு, பேச்சும் உறைந்து, கட்டிலில் படுத்தவன் படுத்தவன்தான். ரத்த ஓட்டம் என்றார் ஒரு டாக்டர், நரம்பு என்றார் இன்னொருவர். ஆவுடை அவனைக் குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள், நகம் வெட்டிவிட்டாள். எல்லாம் செய்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் ஒன்று கேட்க வேண்டிவரும், கேட்டால் அவன் ஒன்று சொல்ல வேண்டிவரும் என்று, கரண்டியை அவன் வாய்க்குக் கொண்டுபோகிறபோதும் கண்ணைக் கட்டில்காலில் வைத்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு காலை அவள் மாப்பிள்ளையைப் பார்க்கப் போனால் ஆளைக் காணோம். அக்கம்பக்கத்துச் சின்ன விண்மீன்களெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நடுவில், பந்தியில் ஒருத்தர் எழுந்துபோன இலை மாதிரி, அவர் இடம் மட்டும் காலி. கருவியை நகர்த்திப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், குறை நம் கண்ணில்தான் என்று வழக்கப்படி தன்னையே நொந்துகொண்டாள். மத்தியானம் கஞ்சி கொடுக்க வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது உள்ளிருந்து சூடு வந்து முகத்தில் அடித்தது. கொடியில் கிடந்த துணிகள் மொடமொடவென்று காய்ந்திருந்தன. வெள்ளத்துரையின் பாதத்தைத் தொட்டாள். மனுஷப் பாதம் மாதிரி இருந்தது. கையை மேலே கொண்டுபோகப் போக வெதுவெதுப்பு கூடி, அவன் நெஞ்சுக்குச் சற்று மேலே, வெறும் காற்றில், பூனை சுருண்டு படுத்த மாதிரி வட்டமாக நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் புருஷனின் இருமலைப் பெண்டாட்டி கண்டுகொள்வதுபோல அந்தச் சூட்டை அவள் கண்டுகொண்டாள்.

"வாங்க," என்றாள், கட்டில்காலைப் பார்த்துக்கொண்டே. வீடு தேடி வந்தவரை வேறென்ன சொல்வது.

ஆபீசுக்குத் திரும்பியபோது தலைமை ஆபீசிலிருந்து பட்டாபிராமன் சார் போனில் இருந்தார். "என்னம்மா, மாப்பிள்ளை தரிசனம் ஆச்சா?"

"ஆச்சு சார். மாற்றமில்லை."

தெரிந்தால் தேடுவார்கள், தேடினால் கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடித்தால் கருவிகளோடு வந்து சுற்றி நின்று பார்ப்பார்கள். முந்தின நாள் அளவையே இன்றைய அளவாகக் கொடுத்துவிட்டு அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே செய்தாள். மற்ற நாட்டுக்காரர்களும் காலி இடத்தைக் கண்டு, குறை தங்கள் கண்ணில்தான் என்று தங்களையே நொந்துகொண்டு, பழைய அளவையே எழுதிக்கொண்டார்கள்.

செய்தி ஊருக்குள் போக அவள் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வீட்டுக் கூரையில் மட்டும் பாசி காய்ந்து உதிர்ந்ததே போதும். மெஸ் நடத்துகிற சீனியம்மாள்தான் முதலில் வந்தாள், முறத்தில் ஈர அப்பளத்தை ஏந்திக்கொண்டு, முதுகைக் காட்டிப் பின்பக்கமாகவே நடந்து. கூதல்மேட்டில் சாப்பிடுகிறவரைப் பார்ப்பதும் தூங்குகிறவரைப் பார்ப்பதும் அடுத்த வீட்டு நல்லதைப் பார்ப்பதும் பெரிய மரியாதைக் குறைவு. சீனியம்மாளின் மெஸ்ஸில் இலை எல்லாம் சுவரைப் பார்த்துத்தான் விழும், பரிமாறுகிறவர்கள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சாம்பார் ஊற்றுவார்கள், தோளில் சாம்பார்க் கறை இல்லாதவனை வெளியூர்க்காரன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

"மாப்பிள்ளை வீட்டோட வந்துட்டாராமே?" என்றாள் சீனியம்மாள், சுவரிடம்.

"ஆமா."

"பொண்ணு இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை வந்ததை இப்பத்தான் கேக்கேன். சாப்பாட்டுக்கு என்ன செய்தே?"

"ஒண்ணும் கேக்கலை."

"கேக்காத மாப்பிள்ளையா? அப்ப இது நட்சத்திரமேதான்."

அன்றிலிருந்து ஊரே முதுகு காட்டி வந்தது. ஈர வேட்டியோடு வந்தார்கள், நமத்த மிளகோடு வந்தார்கள், பூசணம் பிடித்த பள்ளிக்கூடச் சீருடைகளோடும் கோயில் குதிரைக்குச் சாத்துகிற பட்டோடும் வந்தார்கள், ஒன்றும் கொண்டுவராதவர்கள் முதுகை மட்டும் கொண்டுவந்தார்கள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, பின்காலால் வாசற்படியைத் தடவித் தடவி ஏறி, கட்டிலைச் சுற்றி வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்து, எலும்பு வரைக்கும் காய்ந்தபின் எழுந்து, நேராகவே நடந்து போனார்கள். ஒரே ஒரு தடவை, கம்பவுண்டர் காசிலிங்கம், கண்ணுக்குத் தெரியாத சாமானைப் பார்த்தால்தான் என்ன என்று தோளுக்குமேல் ஓரக்கண்ணை ஓட்டினார். அடுத்த கணம் வீடு குகையாகச் சில்லிட்டது. வெள்ளத்துரையின் உதடு நீலம் பாரித்தது. போர்வையைக் கட்டிலுக்குமேல் கூடாரமாகப் பிடித்துக்கொண்டு, கெஞ்சிக் கூத்தாடி, மாப்பிள்ளையை மறுபடி வெதுவெதுக்கவைக்க ஆவுடைக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. காசிலிங்கத்தின் வீட்டுக்காரி அவரோடு அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை.

வெள்ளத்துரைக்கு முதலில் விரல் அசைந்தது, அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் கழுத்து. ஒரு மத்தியானம் நாக்கும் இளகியது.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றான்.

ஆவுடை கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "ஏறியாச்சு," என்றாள்.

அதன்பிறகு தினமும் கேட்டான். டிரில் வாத்தியார் ஏறினாரா, பூக்காரி ஏறினாளா, செல்லக்கிளி வீட்டுக்காரன் சீட்டுக்காக ஓடிவருவானே, அவன் ஏறினானா. எல்லாரும் பள்ளத்தில் கிடந்தவர்கள். ஏறியாச்சு, ஏறியாச்சு என்றாள் அவள். அவன் போர்வைக்குள் காலை அழுத்தி வண்டியை எடுப்பான். அந்தக் குரல் வீட்டுக்குள் நடமாடுகிறதே, அது போதும் என்று அவள் கட்டில்காலோடு சிரித்துக்கொள்வாள்.

சூட்டின் அளவு கெட்டது இதற்கெல்லாம் பிறகு. எது எவ்வளவு சூடாக இருக்க வேண்டுமென்பதை ஊரிலுள்ள சாமான்கள் ஒவ்வொன்றாக மறந்தன. அரிசி, குதிக்கிற உலையில் கல்லாகக் கிடந்தது, குழாய்த் தண்ணீரில் குழைந்தது. பால் சட்டியில் தூங்கிவிட்டு, ஆற்றி டம்ளரில் ஊற்றியபின் பொங்கி வழிந்தது. அடைகாத்த கோழிகள் எழுந்து முட்டையை ஒரு கண்ணாலும் மறு கண்ணாலும் பார்த்துவிட்டு நம்பிக்கையில்லாமல் மறுபடி உட்கார்ந்தன. காசிலிங்கத்தின் தெர்மாமீட்டரை யார் நாக்கடியில் வைத்தாலும், யாருமில்லாமல் மேசைமேல் வைத்தாலும், ஒரே இடத்தில் நின்றது. ஊர் இதையும் சமாளித்தது. மூக்கால் சமைத்தார்கள், காதால் இறக்கினார்கள், வேகாததை வெந்தது என்று சொல்லித் தின்றார்கள்.

சாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. செத்தவர்கள் குளிரவில்லை, இருக்கிறவர்கள் சில்லிட்டார்கள். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் டீக்கடைப் பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடியே போய்விட்டார். முகத்தைப் பார்க்கிற வழக்கம் இல்லை, கையைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது, ஆகையால் ஆறிப்போன டீயை எடுத்துவிட்டு வேறு டீ வைத்துக்கொண்டிருந்தார்கள். அடிவாரத்திலிருந்து மகள் வந்து நேருக்கு நேர் பார்த்தபிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் எந்த வீட்டிலும் சங்கு ஊதத் துணிவில்லை. இன்னும் சூடு இருக்கு, பொறுங்க என்றார்கள். பொறுத்தார்கள். மஞ்சுக்குள் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் படுத்திருக்க, இருக்கிறாரா போய்விட்டாரா என்று தெரியாமல், பாயைச் சுருட்டவும் முடியாமல் பாலூற்றவும் முடியாமல் ஜனங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதை வைத்துச் சூட்டை அளக்கிறோமோ அது தன் இடத்தில் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று ஆவுடைத்தங்கத்துக்குத் தெரியும். தெரிந்தவள் தினம் போனில், மாற்றமில்லை சார் என்றாள்.

கார்த்திகை பிறந்து ஒரு மத்தியானம் செல்லக்கிளி வந்தாள். பஸ் விழுந்த நாளிலிருந்து அவள் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. ஊர் முழுக்க முதுகு காய்ந்துவிட்டுப் போனபோதும் அவள் வீட்டுத் துணி ஈரமாகவேதான் கிடந்தது. வந்தவள் முதுகு காட்டவில்லை; துணியில் சுற்றிய பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, கண்ணை அதன்மேல் வைத்து, நேராக நடந்து வந்தாள்.

"மதினி, புள்ளைக்குக் காய்ச்சலான்னு பாத்துச் சொல்லுங்க."

"காசிலிங்கத்துட்டக் காட்டலையா?"

"காட்டினேன். புள்ளைக்கும் மேசைக்கும் ஒரே காய்ச்சல்ங்காரு. ஊசி போடட்டுமான்னு என்னையவே கேக்காரு. காய்ச்சல் இல்லாம போட்டா நெஞ்சு தாங்காதாம். காய்ச்சல் இருந்து போடாம விட்டாலும் தாங்காதாம்."

ஆவுடை ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"வானத்துல கெடக்கதுக்கே சூடு பாத்துச் சொல்லுதியளாம். இது கையில கெடக்கு. சொல்லுங்க."

ஆவுடை பிள்ளையின் நெற்றியில் கையை வைத்தாள். நெற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது. பிள்ளை அழக்கூட இல்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

"யாரு?" என்றான் வெள்ளத்துரை கட்டிலிலிருந்து.

"செல்லக்கிளி."

"அவ வீட்டுக்காரன் ஏறினானா?"

ஏறியாச்சு என்று சொல்ல ஆவுடை வாயெடுப்பதற்குள் செல்லக்கிளி சொன்னாள்: "அவரு ஏறினாரு அண்ணாச்சி. எறங்கியும் போயிட்டாரு. நீங்கதான் இன்னும் எறங்கலை."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் தூங்கிவிட்டவரைத் தட்டி எழுப்புகிற மாதிரிதான் சொன்னாள். வெள்ளத்துரை போர்வைக்குள் அழுத்தியிருந்த காலை மெல்ல எடுத்தான்.

"அது அவன் புள்ளையா?"

"ஆமா," என்றாள் ஆவுடை.

"இவரை அனுப்பிரு."

"யாரை?"

"எம்மேல இருக்காருல்லா, அவரை. நான் என்ன பொணமா, தெரியாமக் கெடக்க? வந்த அன்னைக்கே தெரியும். வேண்டாம்னு சொல்லத்தான் மனசு வரலை."

"போயிட்டாருன்னா நீங்க..."

"ஜில்லுன்னு ஆவேன். முன்னாடி கெடக்கலையா?"

"முன்ன மாதிரி இல்லைங்க." அவள் அளக்கிறவள், தினம் அந்த நெஞ்சில் கையை வைத்து, இதில் அவர் சூடு எவ்வளவு இவன் சூடு எவ்வளவு என்று தன்னையறியாமல் கழித்துப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். "ஒங்க சூடுன்னு இப்ப ஒண்ணும் மிச்சமில்லை. எல்லாம் அவரு குடுக்கது."

"தெரியும்டி," என்றான். "பாத்துக்கோ."

பாத்துக்கோ என்றால் நம் பேச்சில் கவனித்துக்கொள் என்றுதான் அர்த்தம். கஞ்சி ஊட்டுவதும் நகம் வெட்டுவதும் மூத்திரச் சட்டி மாற்றுவதும் பாத்துக்கொள்வதுதான். அதையெல்லாம் அவள் ஒரு குறையில்லாமல் செய்துகொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு அந்தச் சொல்லை அவள் எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொண்டாள். கட்டில்காலிலிருந்து கண்ணைப் பிடுங்கி, போர்வைமேல் ஏற்றி, ஓரமாக இல்லை, இமை தட்டுகிற நேரம் இல்லை, தொழிலில் எப்படிப் பார்க்கவே கூடாதோ அப்படி, நெஞ்சின்மேல் சுருண்டிருந்தவரை நட்டநடுவில் உற்றுப் பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லாததால் அந்தப் பார்வை அவரைத் துளைத்துக்கொண்டு போய் வெள்ளத்துரையின் முகத்தில் நின்றது. தாடி நரைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. அவன் கண்கள் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தன, எத்தனை காலமாகவோ.

"அன்னைக்கு என்ன ஆச்சுங்க?" என்று கேட்டாள்.

"வளைவுன்னு நெனச்சேன், ஆவுடை."

"சரி," என்றாள்.

மாப்பிள்ளை நெளிந்தார். போர்வை ஒரு பக்கம் உப்பியது, மறு பக்கம் படிந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. கூரை ஓடுகள் ஒவ்வொன்றாகப் படபடத்து அடங்கின, கூரைக்குமேல் மஞ்சில் ஒரு பெரிய வட்டம் ஆவியாகிக் கலைந்து, வழியாகி, உடனே மூடிக்கொண்டது. கூதல்மேடு முழுக்கச் சாமான்களுக்குப் புத்தி வந்தது. சட்டிகளில் பால் பொங்கியது, உலைகளில் அரிசி புரண்டது, கோழிகள் முட்டைமேல் நிம்மதியாக இறங்கின. வீடு வீடாகப் படுத்திருந்தவர்களில் போக வேண்டியவர்கள் குளிர்ந்தார்கள், மேலத்தெருவில் ஒரு சங்கு எழுந்தது, பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் எந்தத் தெருவில் எந்தச் சங்கு என்று பிரிக்க முடியவில்லை.

"சுடுது மதினி," என்றாள் செல்லக்கிளி, பிள்ளையின் நெற்றியில் கன்னத்தை வைத்து. "கொதிக்குது." அவள் ஓடினாள். காசிலிங்கத்தின் தெர்மாமீட்டர் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறி நின்றது, ஊசி போட்டார், பொழுது சாய்வதற்குள் பிள்ளை வேர்த்துக் கொட்டி, பசிக்கு அழுதது.

அதையெல்லாம் ஆவுடைத்தங்கத்துக்குப் பிறகுதான் வந்து சொன்னார்கள். அவள் கட்டிலைவிட்டு அசையவில்லை. பாதம் முதலில் ஆறியது, அப்புறம் முழங்கால், அப்புறம் கை. உடம்பு எந்த வரிசையில் ஆற வேண்டுமோ அந்த வரிசையில், ஒளிவுமறைவில்லாமல். எங்கே முடிந்ததென்று அவள் கைக்குச் சரியாகத் தெரிந்தது. அப்போதும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து ஆபீசுக்குப் போன காலை, மாப்பிள்ளை தன் இடத்தில் இருந்தார். அளவு வந்து விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். கருவியைச் சோதித்தாள், அக்கம்பக்கத்துச் சின்ன விண்மீன்களை ஒவ்வொன்றாக அளந்தாள். எல்லாம் பழையபடி இருந்தன. போனில் பட்டாபிராமன் சார் துக்கம் விசாரித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"நீங்க அனுப்பின அளவைப் பார்த்தேன். கொஞ்சூண்டு கூடுதலா இருக்கே. கருவிக்கோளாறுதானே? கழிச்சுடும்மா."

வழக்கம் அதுதான். ஒரு விரலால் அழுத்தினால் போதும், அந்த மிச்சம் மாப்பிள்ளையிடமிருந்தும் மற்ற வானம் முழுவதிலிருந்தும் கழிந்து, இல்லாமலே போய்விடும்.

"கருவி சரியா இருக்கு சார்," என்றாள் ஆவுடைத்தங்கம். "அவருதான் கூடியிருக்காரு."

"என்னம்மா இது, மாப்பிள்ளை மேலயே சொல்றீங்க. எவ்வளவு கூடியிருக்கார்?"

"ஒரு ஆள் அளவு சார்."

ஆபீஸ் அவளை நம்பவில்லை. வேறு நாட்டுக்காரர்களை விட்டுப் பார்க்கச் சொன்னது. அவர்களும் பார்த்தார்கள், தங்கள் கருவிகளைத் திட்டினார்கள், மறுபடி பார்த்தார்கள், கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். மாறுகிற விண்மீனை வைத்து எதையும் அளக்க முடியாது. ஆகவே அவரை அந்த வேலையிலிருந்து நீக்கிவிட்டு, வானத்தின் வேறொரு மூலையிலிருந்து வேறொரு அப்பாவியைப் பிடித்து மாப்பிள்ளையாக்கினார்கள். எல்லாத் தொலைநோக்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டன. யார் கண்ணும் படாமல், ஓர் ஆள் சூட்டைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, பழையவர் தன் பாட்டுக்கு இருக்கிறார். அவர் இருக்கும் திசை ஆவுடைத்தங்கத்துக்குத் துல்லியமாகத் தெரியும். வாசலுக்கு வந்தால் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருகிறாள்.